காய்ந்த காற்றின் ஊர்: திண்டுக்கல்லும் 140 வருஷ மழைக் கணிப்பும்

இந்த எபிசோடை ரெண்டு வருஷத்து நம்பர்களோட ஆரம்பிக்கலாம்.

2015. தென்மேற்குப் பருவமழை நாடு முழுக்க சராசரியில் 86 சதவீதம்தான் பெய்தது. அதாவது வறட்சி வருஷம். அதே 2015-ல் வடகிழக்குப் பருவமழையில் சென்னை மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க.

2016. இந்திய வானிலைத் துறை ஏப்ரலிலேயே நல்ல செய்தி சொன்னது: இந்த வருஷம் 106 சதவீத மழை. கடைசியில் வந்தது 97 சதவீதம். அதுவும் 'இயல்பு' என்ற கணக்கில்தான் வரும். டெல்லியில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அந்த வருஷம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் பெய்தது வழக்கத்தை விட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

நாட்டுக்குப் பஞ்சம் என்ற வருஷம் நமக்கு வெள்ளம். நாட்டுக்கு நல்ல மழை என்ற வருஷம் நமக்கு வறட்சி. கணிப்பு தப்பாகிப் போச்சு என்று இதைச் சொல்லிவிட முடியாது. அது வேற ஒரு மழையைப் பற்றிய கணிப்பு. இது எப்படி ஆச்சு, இந்த வானிலைக் கணிப்பு யாருக்காக ஆரம்பிச்சது, அதில் திண்டுக்கல் எங்கே வருது என்பதுதான் இன்றைய கதை. நான் திண்டுக்கல்காரன், அதனால ஊர்ப்பாசம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கோங்க. ஆனா இந்தக் கதைக்குத் திண்டுக்கல்லை விட்டா வேற நல்ல ஊரும் கிடையாது.

ஆடிக்காற்று ஏன் காய்ஞ்சு வருது?

முதலில் கொஞ்சம் அறிவியல். ஜூன், ஜூலையில் கேரளாவில் மழை கொட்டுது. அதே காற்றுதான் மலையைத் தாண்டி நம்ம பக்கம் வருது. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்கிற அளவுக்குக் காற்று. மழை மட்டும் இல்லை. உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி அரைமணியில் மொறமொறன்னு ஆயிடும். மேற்கே பார்த்தால் கொடைக்கானல் மலை உச்சியில் மேகம் அப்படியே உட்கார்ந்திருக்கும். கீழே வெயில்.

'மழை மறைவுப் பிரதேசம்' என்று பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். மலை மேகத்தைத் தடுத்துடுது, அவ்வளவுதான் என்று விட்டுவிடுவோம். விஷயம் அதில் பாதிதான். மீதிப் பாதி, காற்று கீழே இறங்கும்போது நடக்குது.

கொடைக்கானலில் இருக்கும் சூரிய ஆய்வகம் கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம். திண்டுக்கல் நகரம் முந்நூறு மீட்டருக்கும் கீழே. இடைவெளி சுமார் 2 கிலோமீட்டர். மேகம் இல்லாத காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும், அழுத்தம் கூடிக்கூடி, சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடாகும். சைக்கிள் பம்பை வேகமா அடிச்சா அது சுடும் இல்லையா, அதே இயற்பியல். உச்சியில் 14 டிகிரி, ஈரப்பதம் 100 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று அப்படியே தரைக்கு இறங்கினால் 34 டிகிரி ஆகும். சூடான காற்றுக்கு இன்னும் நிறைய ஈரம் தாங்கும். ஆனால் கையில் இருப்பது பழைய ஈரம்தான். கணக்குப் போட்டால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு சொட்டு நீரைக்கூட யாரும் எடுக்கவில்லை, இருந்தும் காற்று காய்ந்துவிட்டது. இது எளிமைப்படுத்திய கணக்குதான். நிஜத்தில் காற்றுகள் கலக்கும், நிலமும் சூடாக்கும். ஆனாலும் அடிப்படை இதுதான்.

பாலைவனங்களுக்குப் பின்னாலும் இதே வேலைதான் இருக்கு. சஹாராவிலும் அரேபியாவிலும் மலைக்குப் பதிலாகப் பூமியின் பெரிய காற்றுச் சுழற்சியே காற்றைக் கீழே இறக்குது. இறங்கும் காற்று சூடாகும், காயும். மேகம் உருவானாலும் கரைஞ்சுடும். திண்டுக்கல் பாலைவனம் இல்லை. ஆனால் வருஷத்தில் சில மாதம் பாலைவனத்தின் இயந்திரம் நம்ம தலைக்கு மேலேயும் ஓடுது.

இதனால ஊருக்கு என்ன? நிறைய இருக்கு. திண்டுக்கல், வேடசந்தூர் பக்கம் நூல் மில்கள் அதிகம். காற்று காய்ந்தால் பஞ்சு இழை முறியும், நூல் அறுந்துகிட்டே இருக்கும். அதுக்காகவே மில்லுக்குள்ள தண்ணீரைத் தூவி ஈரப்பதத்தைப் பிடிச்சு வைக்கிறாங்க. புகையிலை, இந்த ஊரின் பழைய பயிர். இலை அதிகம் காய்ந்துவிட்டால் தொட்டாலே நொறுங்கும், ஈரம் ஏறினால் பூஞ்சை. ரெண்டுக்கும் நடுவில் பதம் பார்த்துக் கையாளணும். தினமும் காற்றின் ஈரத்தைக் கையாலேயே அளந்து பிழைத்த ஊர் இது.

ஆக, திண்டுக்கல் சமவெளிக்குத் தென்மேற்குப் பருவம் பெரும்பாலும் காற்றுக்காலம். மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கிழக்கிலிருந்து வருது. இதை மனசில் வைச்சுக்கோங்க. இனி வரும் 140 வருஷக் கதையில் எல்லாரும் மறந்துபோகும் விஷயம் இதுதான்.

தாது வருஷம்

1876. தமிழ் வருஷப் பெயர் தாது. தென்னிந்தியாவில் ரெண்டு பருவமழையும் பொய்த்தன. 1877-ல் தென்மேற்கு மறுபடியும் கைவிட்டது. 'தாது வருஷப் பஞ்சம்' என்று நம் பாட்டன், பூட்டன் காலத்துப் பேச்சில் நிலைத்துவிட்ட பஞ்சம் அதுதான். சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் என்று பரவி, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் இறந்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அன்றைக்குத் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1985-ல்தான்.

மழை பொய்த்தது இயற்கை. அத்தனை பேர் செத்தது இயற்கை மட்டும் இல்லை. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியா மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல், அதாவது பஞ்சத்துக்கு ஒரு வருஷம் முன்னால். தானியம் கொண்டுவர வழி இருந்தது. ஆனால் பஞ்ச காலத்திலும் நாட்டிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. நிவாரண வேலைக்குப் போனால் என்ன கூலி? ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்தது: கடுமையான உடலுழைப்பு செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்ட் தானியம், கூடவே கொஞ்சம் காசு. ஒரு பவுண்ட் என்றால் 450 கிராம். நாள் முழுக்கக் கல் உடைக்கிற ஒருத்தருக்கு அது போதாது என்று அப்போதே மருத்துவர்கள் எதிர்த்தார்கள்.

பஞ்சம் முடிந்ததும் அரசு ஒரு கமிஷன் போட்டது. 1880-ல் அறிக்கை வந்தது. அதே சமயத்தில் ஒரு கேள்வி பெரிசா எழுந்தது: மழை பொய்க்கப் போவதை முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியுமா? கேள்வி நியாயமானது. ஆனால் அதில் ஒரு வசதியும் இருந்தது. பஞ்சத்துக்குக் காரணம் வானத்தில் இருக்கு என்று ஆகிவிட்டால், தரையில் எடுத்த முடிவுகளைப் பற்றிப் பேச வேண்டியது குறைந்துவிடும்.

பனியா, சூரியனா?

இந்திய வானிலைத் துறை பிறந்தது 1875-ல், பஞ்சத்துக்குச் சற்று முன். அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். 1884-ல் அவர் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இமயமலைப் பனிக்கும், இந்தியாவின் காய்ந்த காற்றுக்கும், வறட்சிக்கும் உள்ள தொடர்பு பற்றியது. ஆமா, காய்ந்த காற்று என்பது தலைப்பிலேயே இருக்கு. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் இமயத்தில் பனி அதிகம் விழுந்தால், வடமேற்கிலிருந்து காய்ந்த காற்று வலுத்து மழையைத் தடுக்கும் என்பது அவர் வாதம். இதை வைத்து 1886 ஜூன் மாதம் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் முதல் நீண்டகால மழைக் கணிப்பு வெளியானது. உலகத்திலேயே இந்த மாதிரிப் பருவக் கணிப்புகளில் ஆக முந்தையவற்றில் ஒன்று.

இன்னொரு கூட்டம் சூரியனைப் பார்த்தது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும் என்பது 1843-லேயே தெரிஞ்சுபோச்சு. 1877-ல், பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே, வானியலாளர் நார்மன் லாக்யரும் புள்ளியியல் அதிகாரி வில்லியம் ஹன்டரும் சேர்ந்து சூரியப் புள்ளிகளும் பஞ்சமும் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆதாரம்? சென்னையின் மழைப் பதிவேடு. புள்ளி குறையும் வருஷங்களில் சென்னையில் மழையும் குறையுது என்றார்கள். டேட்டா சயன்ஸ் பண்றவங்க இங்கே கொஞ்சம் நெளிவீங்க. ஒரே ஊர், சில பத்து வருஷம், அதாவது ஐந்தாறு சுழற்சி. இன்றைக்கு எந்த ரிவ்யூவிலும் தப்பாது. ஆனால் லட்சக்கணக்கில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பேட்டர்ன் கண்ணில் பட்டால் அதைப் பிடிச்சுக்கத்தான் தோணும்.

அந்தப் பிடிப்பிலிருந்து பிறந்ததுதான் கொடைக்கானல் ஆய்வகம். தென்னிந்திய மலையில் ஒரு சூரிய ஆய்வகம் வேணும் என்று 1882-ல் சென்னை அரசு வானியலாளர் நார்மன் போக்சன் கேட்டார். அவருக்குப் பின் சார்லஸ் மிச்சி ஸ்மித் பழனி மலையையும் நீலகிரியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1893-ல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. 1895-ல் கவர்னர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். மலைக்கு மோட்டார் ரோடு வராத காலம். 1899-ல் சென்னையின் வானியல் வேலைகள் மலைக்கு மாறின. மிச்சி ஸ்மித்தே முதல் இயக்குநர்.

ஆக, அந்த மலையில் முதல் டெலஸ்கோப் ஏறியதற்குப் பின்னால் இருந்தது அடிவாரத்துப் பட்டினி. டூரிஸ்டா அங்கே போகும்போது இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

சூரியன் கைவிட்ட கதை

அதே 1899-ல்தான் கணிப்புக்குப் பெரிய அடி விழுந்தது. பிளான்ஃபோர்டுக்குப் பின் வந்தவர் ஜான் எலியட். அவருடைய கணிப்பு நீளமா, விவரமா இருக்கும். அந்த வருஷம் வழக்கத்தை விட அதிக மழை என்றார். வந்தது கடும் வறட்சி. மேற்கு இந்தியாவில் 'சப்பனியா' என்று இன்றும் பேசப்படும் பஞ்சம். பத்திரிகைகள் கிழித்தன. சில வருஷம் கணிப்பையே ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். அரசுக்குத் தெரியும், விதைக்கிறவருக்குத் தெரியாது.

1904-ல் வந்தார் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணிதக்காரர், வானிலை அனுபவம் கிடையாது. அவர் செய்த முதல் வேலை, யாருடைய தியரியையும் நம்பாமல் எல்லாவற்றையும் எண்ணில் போட்டுப் பார்த்தது. பனி, காற்றழுத்தம், வெப்பம், வெள்ளம், சூரியப் புள்ளி என்று உலகம் முழுக்கப் பல ஊர்களின் பதிவுகளை வாங்கினார். இந்திய குமாஸ்தாக்கள் உட்கார்ந்து கையாலேயே கோரிலேஷன் போட்டார்கள். நாம் ரெண்டு வரி பைத்தானில் எழுதுவதை அவங்க மாசக்கணக்கில் எழுதினாங்க. அவங்க பேர் எந்தக் கட்டுரையின் தலைப்பிலும் இல்லை.

சூரியப் புள்ளிக்கும் மழைக்கும் கணக்குப் போட்டபோது, தொடர்பு பலவீனமாகத்தான் வந்தது. கணிப்புக்கு உதவும் அளவுக்கு இல்லை. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கொடைக்கானல் ஆய்வகம் அப்போது வானிலைத் துறையின் கீழ்தான் இருந்தது. எந்த நம்பிக்கையில் அந்த ஆய்வகத்தைக் கட்டினார்களோ, அதைக் கணக்குப் போட்டுக் கழித்துவிட்டவரே அதற்கும் தலைமை அதிகாரி.

அதனால் ஆய்வகம் வீணாகலை. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் சூரியப் புள்ளியில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். 'எவர்ஷெட் விளைவு' என்று இன்றும் உலகப் பாடப்புத்தகங்களில் இருக்கு. 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் நூறு வருஷத்துக்கு மேல் நீளும் ஒரு பொக்கிஷம். 1971-ல் ஆய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனமாகத் தனியே பிரிந்தது. மழையைத் தேடிப் போனவர்களுக்குச் சூரியன் கிடைத்தது.

வாக்கருக்கு வேற ஒன்று கிடைத்தது. பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும், இது ஏறினால் அது இறங்கும். ஏத்தம் இறைக்கிற மாதிரி. 1920-களில் அதற்குத் தெற்கு அலைவு என்று பெயர் வைத்தார். 1969-ல் யாக்கப் பியர்க்னெஸ் அதை எல் நினோவோடு சேர்த்துக் காட்டினார். 1877-ல் தென்மேற்கு மழை பொய்த்தது ஏன் என்பதற்கு அன்று தேடிய பதில் இதில்தான் இருந்தது: அந்த வருஷம் பதிவுகளில் மிகப்பெரிய எல் நினோக்களில் ஒன்று.

ஒரே சிக்னல், எதிர்க்குறி

இப்போ ஆரம்பத்தில் சொன்ன நம்பர்களுக்கு வருவோம். எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு அதிகம். ஆனால் அதே எல் நினோ வந்தால் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை கூடும் வாய்ப்பு அதிகம். ஒரே சிக்னல், குறி மட்டும் மாறுது. 2015-ல் பெரிய எல் நினோ. நாட்டுக்கு வறட்சி, நமக்கு வெள்ளம். 2016-ல் பசிபிக் குளிர்ப் பக்கம் சாய்ந்தது. இந்தியப் பெருங்கடலிலும் வெதுவெதுப்பான நீர் சுமத்ரா பக்கம் ஒதுங்கி, ஈரத்தை அங்கே இழுத்துக்கொண்டது. நாட்டுக்கு இயல்பு, நமக்கு வறட்சி. எல்லா வருஷமும் இப்படியே நடக்கும் என்று இல்லை, இது சாய்வு மட்டும்தான். ஆனா 'நல்ல பருவமழை' என்ற ஜூன் மாதச் செய்தியை நம்பி நிலக்கோட்டையிலோ நத்தத்திலோ ஒருத்தர் கடன் வாங்கினால், அவர் எதிர்க்குறியில் பந்தயம் கட்டியவராகலாம்.

ஏன் இத்தனை காலம் 'இந்தியாவின் மழை' என்றாலே ஜூன் முதல் செப்டம்பர் வரை என்று ஆனது? நாட்டின் பெரும்பகுதிக்கு அதுதான் மழை. அரசின் வரி வசூலும் பட்ஜெட்டும் அதில்தான் நின்றது. சராசரிக்கு அது சரி. ஆனால் சராசரியில் யாரும் விவசாயம் பண்றதில்லை. தாது வருஷத்தில் அதிகம் அடிபட்ட நிலங்களில் தென்னகமும் ஒன்று. அந்தச் சாவுகளுக்குப் பின் பெரிதாய் வளர்ந்த கணிப்புமுறை, தென்னகத்தின் கிழக்குச் சமவெளி நம்பியிருந்த மழையை ஓரத்தில் விட்டுவிட்டு, வேறொரு பருவத்தைச் சுற்றியே வளர்ந்தது. வடகிழக்குப் பருவமழைக்கு, தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் ஆகிய ஐந்து பகுதிகளைச் சேர்த்துத் தனிக் கணிப்பு வருவது மிகவும் பிந்திய விஷயம். அதுவும் செய்தியில் தலைப்பாக வருவதில்லை.

காய்ந்த காற்றும் கதைக்குத் திரும்பி வந்தது. 2009 தென்மேற்குப் பருவமழை 78 சதவீதத்தோடு படுத்துவிட்டது. சென்னையில் பிறந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பேராசிரியராக இருந்த டி. என். கிருஷ்ணமூர்த்தி, தன் குழுவோடு 2010-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மழை இடைவெளி விட்ட நாட்களில் நம் தலைக்கு மேல் இருந்த காற்று எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தடம் பிடித்தார்கள். அது அரேபியப் பாலைவனப் பக்கமிருந்து நடு உயரத்தில் வந்து, இறங்கிக்கொண்டே இருந்த காய்ந்த காற்று. மேகம் மேலே வளர முயலும்போது பக்கத்திலிருந்து இந்தக் காற்றை உள்ளே இழுக்கும். நீர்த்துளி ஆவியாகும், மேகம் சுருங்கிவிடும். கீழே ஈரம் எவ்வளவு இருந்தாலும் மழை வராது. பிளான்ஃபோர்ட் 1884-ல் வேறு காரணம் சொல்லி அதே குற்றவாளியைத்தான் காட்டினார்.

இந்தக் காற்றைக் கணிப்பதில் என்ன சிரமம்? தரையில் ஈரப்பதம் அளப்பது சுலபம். ஈரத்துணி சுற்றிய ஒரு தெர்மாமீட்டரும் காய்ந்த தெர்மாமீட்டரும் போதும். ஆனால் பிரச்சினை மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத்தில். அங்கே பலூன் விட்டுத்தான் நேரடியாக அளக்கணும். அதுவும் சென்னை, காரைக்கால், திருவனந்தபுரம் மாதிரி சில ஊர்களில்தான். இடைவெளியை இப்போது செயற்கைக்கோள் நிரப்புகிறது. மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சமவெளியின் காற்றை ஒரு தேசிய மாடல் சரியாகப் பிடிக்க, அது முதலில் அந்த மலையையே சரியாகப் பார்க்கணும். மாடலின் கட்டம் பெரிசா இருந்தால் பழனி மலை அதில் ஒரு மேடாக மழுங்கிப் போகும். மலை மழுங்கினால் அந்தக் காய்ந்த காற்றும் அதோட காணாமப் போகும்.

இன்னைக்கு நிலைமை பரவாயில்லை. செவ்வாய், வெள்ளி தோறும் மாவட்ட அளவில் விவசாயிகளுக்கான வானிலை அறிவுரை தமிழிலேயே வருது. 2019-ல் வந்த 'மேகதூத்' ஆப்பிலும் கிடைக்கும். அடுத்த ஐந்து நாளுக்கான மழை, வெப்பம், காற்று, ஈரப்பதம் எல்லாம் அதில் உண்டு. நகரத்தில் இருக்கிற நமக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம். ஊரில் இருக்கிற உங்க பெரியப்பாவுக்கோ மாமாவுக்கோ அந்த ஆப்பைப் போட்டுக் கொடுங்க. ஜூன் மாசம் 'இந்த வருஷம் பருவமழை அமோகம்' என்று அவர் நியூஸில் பார்த்துட்டுப் போன் பண்ணினா, ரெண்டு கேள்வி கேளுங்க: எந்த மாசத்து மழையைச் சொல்றாங்க? எந்தப் பகுதிக்குச் சொல்றாங்க? நம்ம மழையைப் பற்றிய செய்தி அக்டோபர் பக்கத்தில்தான் வரும். அதுவரைக்கும் கடனுக்குக் கையெழுத்து போட வேண்டாம்னு சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.